ஆறரை மணிக்கு எத்தனை வோல்ட்?

அந்த அக்கா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எதற்காகக் கூப்பிட்டேனோ அந்த மிஷினை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கும் பகுதியில் பதினாறு வருடம் நின்றவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற ஒரு சின்ன மிஷின் எங்களிடம் இருந்தது. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் ஒரு இடியோடு கருகிப் போனது. ஹட்டனில் வாங்கிய இன்னொன்றும் அடுத்த மழையில் போனது. மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண் இடிக்கும் தாங்குகிற பெட்டி செய்கிறாள் என்று சொன்னார்கள், ஆள் அனுப்பினேன். கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு, முழங்கையில் பொத்தல் விழுந்த சுவெட்டரோடு வந்தார். முன்வாசல் இஸ்தோப்பில் நின்றபடியே கேட்டார்:

"டீச்சர், ஒங்க லயத்துல ஆறரை மணிக்கு எத்தன வோல்ட்டு?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. உள்ளே ஒரு மனுஷன் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருக்கிறார், இவள் என்னடாவென்றால் பரீட்சை வைக்கிறாள்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் படிச்சுக் குடுக்கிறது தமிழ்."

"தெரியாட்டி எழுதுங்க. இத சொருகுனா நம்பர் வரும். ஒரு கிழம, மணிக்கு ஒருக்கா."

சொருகியதும் வோல்ட் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டியையும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றையும் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். பெட்டி கேட்டவளுக்கு வீட்டுப்பாடம்! பிள்ளைகளுக்கு நான் செய்வதை எனக்கே ஒருத்தி செய்துவிட்டுப் போகிறாளே என்று பொருமினேன். அந்த ஒரு கிழமை என் வீட்டுக்காரர் காலையும் மாலையும் டிஸ்பென்சரிக்கு நடந்தார். நான் எழுதினேன். பகல் இரண்டு மணிக்கு இருநூற்று நாற்பத்துமூன்று. சாயந்தரம் ஆறரைக்கு நூற்று ஐம்பத்தாறு. நம்பாமல் பிடுங்கித் திரும்பச் சொருகிப் பார்த்தேன், அதே எண்தான் வந்தது.

கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து எல்லாரும் வந்து கேத்தலையும் ரைஸ் குக்கரையும் போடுகிற நேரம் அது. எங்கள் லயம் கம்பியின் கடைசியில் இருக்கிறது. கரண்ட் பகுதி ஆள் ஒருவரிடம் அக்கா இதைச் சிங்களத்தில் முறையிட்டிருக்கிறார். அவர் கையை விரித்து, "மொனவா கரன்னத, அக்கே?" என்றாராம். என்ன செய்ய என்று அவர் கேட்டதை அக்கா நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய சுபாவம் அது.

எதைப் பார்த்தாலும் அது நன்றாக இருக்கும் நேரத்தை அவர் கேட்கவே மாட்டார். ரொம்ப மோசமான நேரம் எது, அப்போது எவ்வளவு என்றுதான் கேட்பார். கட்டுநாயக்கா பக்கம் அடாப்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் இருந்தவர். செய்கிற வேலை இல்லை, சோதிக்கிற வேலை. வரிசையாக வருகிற ஒவ்வொன்றிலும் சுமையை ஏற்றி, சூடான அறையில் மணிக்கணக்கில் ஓடவிட்டு, எது சாகிறது என்று பார்ப்பது. செத்ததைத் திறந்து பார்த்துப் பார்த்தே செய்யக் கற்றுக்கொண்டாராம். "சும ஏத்தாம பாத்தா எல்லாமே பன்னெண்டு வோல்ட்டுதான் டீச்சர்," என்பார். ஊருக்குத் திரும்பித் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனார். ஆனால் அந்தச் சோதனை அறை அவர் தலைக்குள்ளேயே இருந்தது.

அவருடைய தங்கச்சியைப் பெண் பார்க்க டயகமவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மகன் புராணம் பாடிக்கொண்டிருந்தார். குடியில்லை, சூதில்லை, வாய் திறந்தால் முத்து உதிரும் என்கிற மாதிரி. எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்க, தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா தட்டை வைத்துவிட்டு மாப்பிள்ளையிடமே கேட்டார்:

"கோவம் வந்தா என்னா செய்வீங்க?"

"அக்கா!" என்று தங்கச்சி உள்ளேயிருந்து பல்லைக் கடித்தாள்.

"கொஞ்சக் கோவத்த கேக்கல. ரொம்ப வந்தா?"

அந்தப் பையன் முகம் சிவந்து, கொஞ்சநேரம் யோசித்துச் சொன்னான்: "சாப்பிட மாட்டேங்க. ரெண்டு நாளைக்குக் கூட சாப்பிடாம இருந்திருக்கேன்."

"அப்ப சரி," என்றார் அக்கா. கல்யாணம் நடந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா அன்றைக்குக் கோணிய முகத்தை நேராக்கவே இல்லை. ஊரிலும் பலருக்கு அவரைக் கண்டால் ஒரு மாதிரிதான். நல்ல காரியத்தில் அபசகுனம் மாதிரிக் கேள்வி கேட்கிறவள் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், மறைப்பானேன்.

கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு எங்கள் பெட்டியை அவர் எப்படித் திட்டம் போட்டார் என்பதை என் கண்ணால் பார்த்தேன். கடைக்காரர், பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதினைந்து வோல்ட் டிரான்ஸ்போமர் போதும் என்றாராம். அக்கா கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வீட்டுக் கரண்ட் நூற்று ஐம்பத்தாறுக்கு இறங்கும்போது அந்தப் பதினைந்து பத்தாகிவிடும். ரெகுலேட்டர் என்கிற மூன்று கால் சாமான் பன்னிரண்டைச் சீராகக் கொடுக்கவேண்டுமென்றால் அதன் வாய்க்கு எப்போதும் இரண்டரை வோல்ட்டாவது கூடுதலாக வரவேண்டும். அதனால் பதினெட்டு வோல்ட் டிரான்ஸ்போமர். அது பன்னிரண்டுக்கு இறங்கினாலும், நேர்க் கரண்டாக மாற்றித் தேக்கும்போது பதினைந்துக்கு மேல் ஏறிவிடுமாம்.

"நடுவுல இது எதுக்கு, இந்தப் பெரிய டப்பா?" என்று கேட்டேன்.

"கெப்பாசிட்டர். டயோட்டு தாண்டி வர்ற கரண்டு விட்டு விட்டு வரும் டீச்சர். பீலித் தண்ணி விட்டு விட்டு வந்தா கீழ பீப்பா வச்சு மொண்டுக்கிறோம்ல? அது மாதிரி."

"சரி, பதினெட்டு போட்டாச்சு, சாயந்தரம் தப்பிச்சோம். மத்தியானம் கூடி வருமே?"

அந்த அக்கா என்னை முதல்தடவையாக மரியாதையோடு பார்த்தார். "அதுதான் கேள்வி. மத்தியானம் வேண்டாத வோல்ட்டெல்லாம் சூடாத்தான் போவும். ஒங்க வீட்டுக்கு மோசமான நேரம் ரெண்டு. சாயந்தரம் பத்தாது, மத்தியானம் மிஞ்சும்."

அந்தச் சூடு போவதற்காக ரெகுலேட்டரை ஒரு தடித்த அலுமினியத் தகட்டில் முறுக்கி, தகரப்பெட்டியின் மேல்பக்கமும் பக்கவாட்டிலும் துளைகள் போட்டார். அளவுக்கு மிஞ்சிச் சூடானால் ரெகுலேட்டர் தானே நின்றுவிடும், ஆறினால் தானே ஓடும் என்றார். த்ரீவீலர் முன்விளக்கு பல்ப் ஒன்றைச் சுமையாக ஏற்றி, ஒரு நாள் முழுக்க எரியவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் படுத்திருக்கும் காம்பராவில் ஜன்னல் கிடையாது. அதனால் ஒரு பன்னிரண்டு வோல்ட் விளக்கையும் அதிலேயே இணைத்துக் கொடுத்தார். பகலெல்லாம் விளக்கு எரியும், வேண்டும்போது மிஷின் ஓடும். போகும்போது வாசலில் நின்று, "காத்து போவணும். ஓட்டைய மூடாம பாத்துக்கங்க," என்றார். நான் தலையாட்டினேன்.

ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லை. இடி இடித்தது, மழை கொட்டியது, பெட்டி அசையவில்லை. அந்த மனுஷன் நிம்மதியாக மூச்சு விட்டுத் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்குக் கோயில் கட்டினாலும் தகும் என்று நினைப்பேன்.

அக்கரப்பத்தனைக் குளிரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மார்கழி, தையில் தோசைக்கு மாவு கரைத்து வைத்தால் இரண்டு நாளானாலும் அரைத்தது அரைத்தபடியே கிடக்கும். அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைப்பார்கள், வைக்கோலில் புதைப்பார்கள். எனக்கோ பகலெல்லாம் இதமான சூட்டோடு ஒரு தகரப்பெட்டி வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு நாள் மாவுச் சட்டியை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அன்று சாயந்தரமே பொங்கி வந்தது. அடுத்த தடவை, சூடு வீணாகப் போகிறதே என்று சட்டியையும் பெட்டியையும் சேர்த்து, மலைக்குக் கட்டிக்கொண்டு போகிற பழைய கம்பளியால் ஒரு சுற்றுச் சுற்றினேன். என் மூளை அவ்வளவுதான்.

அது பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டு மணி. வெயிலும் குளிருமாக இருந்தது. அவருக்குத் திடீரென்று இழுப்பு வந்தது. மிஷினைப் போட்டு முகமூடியை மாட்டினேன். ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். விளக்கு மங்கி அணைந்தது, மிஷின் நின்றது. இருட்டுக் காம்பராவில் அவர் மூச்சு மட்டும் கீச்சுக் கீச்சென்று கேட்டது. என் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. கையை விடுவித்துக்கொண்டு ஓடிப்போய்க் கம்பளியை உருவி எறிந்து சட்டியை இறக்கினேன். தகரம் கையைச் சுட்டது. கொப்பி அட்டையால் விசிறினேன். கடவுளே, கடவுளே என்று விசிறினேன். ஏழெட்டு நிமிடத்தில் விளக்கு தானாக வந்தது, மிஷினும் ஓடியது. அவர் பிழைத்தார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் வருவதற்குள் நான் சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டேன், கம்பளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அக்கா முதலில் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"நிக்கிறப்ப மேல ஏதாச்சும் இருந்துச்சா டீச்சர்?"

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற டீச்சர், கட்டின புருஷனின் மூச்சுக்கு மேலே தோசை மாவு வைத்தாள் என்று அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வெட்கம், வேறொன்றுமில்லை.

அக்கா பெட்டியை எடுத்துப் போனார். என் வீட்டுக்காரர் மறுபடியும் டிஸ்பென்சரிக்கு நடந்தார். முன்விளக்கு பல்ப்பை ஏற்றி நான்கு நாள் ஓடவிட்டார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவருக்கு அதுதான் பயம். காரணம் தெரியாமல் நின்ற ஒன்று காரணம் தெரியாமல் இன்னொரு தடவை நிற்கும் என்றார். ஒவ்வொரு ஈயப் பற்றையும் சுரண்டித் திரும்ப ஒட்டினார், ரெகுலேட்டரையே மாற்றினார். பிறகு, குறை தன் கணக்கிலேயே இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, தோட்டத்தில் அவர் செய்து கொடுத்திருந்த மற்ற இரண்டு பெட்டிகளையும் போய்த் திருப்பி எடுத்தார். ஒன்று, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் விளக்குக்கு இருந்தது. மற்றது எங்கள் லயத்துக் கடைசி வீட்டுப் பெரியம்மாவிடம் இருந்தது. நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்த அந்தக் கிழவிக்கும் இழுப்புதான், அதே மாதிரி மிஷின்தான். "குடுத்துட்டு வேடிக்க பாக்க மாட்டேன். சரியானதும் கொண்டாறேன். அதுவரைக்கும் டிஸ்பென்சரிக்குப் போங்க," என்று சொல்லியிருக்கிறார்.

எல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு பொய்யைச் சொல்ல ஒரு நொடி போதும், அதைத் திருப்பி எடுக்கப் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

மூன்றாம் கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவுக்கு இழுப்பு முற்றிவிட்டது. டிஸ்பென்சரி திறக்கும் நேரமில்லை. கொழுந்து லொறியில் கம்பளிக்குள் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் இஸ்தோப்பில் நின்று பார்த்தேன். லொறி வளைவில் திரும்பும்வரை கிழவியின் ஒரு கால் கம்பளிக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா செத்துப்போயிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது. ஆறு நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

வந்த அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக மேல் லயத்துக்குப் போனேன். அக்கா மலைக்குப் போயிருக்கவில்லை. மூன்று பெட்டிகளும் மூடி கழற்றியபடி பாயில் கிடந்தன. அவர் அவற்றைத் தொடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என் கை சரியில்ல டீச்சர்," என்றார். "இனி யாருக்கும் செய்யல. பெரியம்மாவ அனுப்பிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"ஒங்க கையில ஒரு கொறையும் இல்லக்கா," என்றேன். "அன்னைக்கு அது மேல மாவுச் சட்டி இருந்துச்சு. கம்பளி சுத்தியிருந்தேன். ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"எத்தன மணிலேர்ந்து?" என்று கேட்டார்.

"காலைல எட்டு மணிலேர்ந்து."

"எட்டுலேர்ந்து ரெண்டு. வெளக்கும் மிஷினும் சேந்து. வோல்ட்டு உச்சத்துல." வாய்க்குள் கணக்குப் போட்டார். பிறகு சுவெட்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரைத் தொடுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

"மூணு கிழம டீச்சர். மூணு கிழமயா என்னையே நான் நம்பல," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

அவர் எழுந்தார். மூன்றில் ஒரு பெட்டியை மூடி முறுக்கிக் கையில் எடுத்தார். "எனக்குச் சொல்லிட்டீங்க. பெரியம்மாவுக்கும் சொல்லணும்ல? வாங்க."

பெரியம்மாவின் காம்பராவில் மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் இருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்ல அக்கா முயலவில்லை. நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். மாவுச் சட்டியை, கம்பளியை, பொய்யை, அதனால் அக்கா பெட்டியைத் திருப்பி எடுத்ததை, அதனால் பெரியம்மா லொறியில் போகவேண்டி வந்ததை. மருமகள் அன்று என்னைப் பார்த்த பார்வையால், இன்றும் அவளை என்னால் நிமிர்ந்து பார்க்கமுடியாது.

பெரியம்மா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"நானுந்தான் புள்ள."

"என்னா பெரியம்மா?" என்றார் அக்கா.

"நானுந்தான் அத மூடி வச்சேன். பொழுது சாஞ்சா கால் ரெண்டும் வெறச்சுப் போவுது. பொட்டிய கால்மாட்டுல வச்சு, மேல கம்பளியப் போட்டு, உள்ள கால விட்டுக்குவேன். நீ குடுத்த நாள்லேர்ந்து அப்படித்தான்."

அக்கா கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "சாயந்தரம் வோல்ட்டு கொறைவு. சூடும் கொறைவு. அதான் நிக்காம ஓடியிருக்கு," என்றார் யாருக்கோ சொல்வதுபோல. பிறகு குரலில் ஒரு சின்ன ஆதங்கத்தோடு, "ஓட்டைய மூடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன் பெரியம்மா?"

"நீ சொன்னதான்," என்றார் கிழவி. "சூடா இருந்துச்சு புள்ள. இந்தக் காம்பராவுல வேற எது சூடா இருக்கு, நீயே சொல்லு."

சுவரில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. தகரக் கூரையின் இடுக்கில் பனி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்தச் சுவரையும் கூரையையும் அன்றைக்குத்தான் பார்ப்பவர்போல ஒரு சுற்றுப் பார்த்தார். அவரும் அதேமாதிரி ஒரு காம்பராவில் பிறந்தவர்தான்.

பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். கீழே குந்தி, கம்பளியை விலக்கி, கிழவியின் இரண்டு பாதங்களையும் கைக்குள் எடுத்துக்கொண்டார். அவை எவ்வளவு குளிர்ந்திருந்தன என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

"எவ்வளவு நேரம் வச்சிருப்பீங்க?"

"தூக்கம் வர்ற மட்டும்."

"வைங்க பெரியம்மா," என்றார் அக்கா. "கம்பளிக்கும் சேத்துக் கணக்குப் போட்டு, வேற செஞ்சு தாரேன்."